வனவித்தையும் வீட்டு அடுப்பும்

ஐப்பசி 9, திங்கள். அம்பாசமுத்திரம்

வடகிழக்குப் பருவமழை இன்னும் இரண்டொரு தினங்களில் வலுத்துவிடும் என்பதற்குரிய லக்ஷணங்களெல்லாம் வானத்தில் தோன்றிவிட்டமையால், தோட்டத்தில் உலர்ந்து கிடந்த தென்னம்பாளைகளையும், வேம்பிலே பட்டுப்போயும் விழாமல் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த சிறு கிளைகளையும் சேகரித்துப் பரணில் ஏற்றிவைத்தேன். தரையில் விழுந்த சுள்ளி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மரத்திலேயே நின்று காய்ந்ததற்கோ அந்தத் தோஷமில்லை. ஒடிக்கும்போது சட்டென்று சப்தமிடுவது எரியும்; வளைந்துகொடுப்பது புகையும். பிரிட்டிஷ் சேனாதிபதியாயிருந்த பேடன் பவல் சாரணச் சிறுவர்களுக்காக 1908-இல் வெளியிட்ட நூலில் தீ மூட்டுவதும் முடிச்சிடுவதும் நக்ஷத்திரம் பார்ப்பதும் வனவித்தை என்னும் கல்வியாகவே வைத்து உபதேசிக்கப்பட்டிருக்கின்றன. இக்காலத்து இளைஞர்களோ பளபளக்கும் கத்தியையும் பொறி உதிர்க்கும் உலோகக் கோலையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றைப் பிரயோகிப்பதற்கு ஒரு காடு கிடைக்கவில்லையே என்று விசனப்படுகிறார்கள். மழைக்கு முன்பே விறகை மூடிவைக்க வேண்டும் என்னும் புத்தியைக் கடையில் விற்பதில்லை.

ஐப்பசி 12, வியாழன்

நேற்றிரவு முதல் ஓயாத மழை. மின்சாரம் போயிற்று, எரிவாயு உருளையும் இன்றைக்கென்று பார்த்துத் தீர்ந்துபோயிற்று. பின்கட்டு மண்ணடுப்பைத் துடைத்து மூட்டினோம். வெளியே நனைந்து கிடந்த புளியங்கட்டையைப் பிளந்து பார்த்தால், மேற்பட்டைதான் ஈரம், உள்வைரம் உலர்ந்தேயிருந்தது. அதனின்று அரிவாளால் மெல்லிய சீவல்களை, முற்றும் அறுபடாமல் கட்டையிலேயே சுருண்டு நிற்கும்படி சீவிவிட்டு, பாளையின் கிழிசலைக் கீழே வைத்துப் பற்றவைத்தபோது, ஊதுகுழலுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. விறகுகளுக்கிடையே காற்று நுழைய வழி விடாமல் அடைத்து வைத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயை ஊற்றிப் பரிகாரம் தேடுவது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். அதைப் போன்ற அபாயகரமான சோம்பல் பிறிதொன்றில்லை.

தாமிரவருணி செம்மண் கரைந்து வந்ததால் குடத்து நீரும் கலங்கலாகவே இருந்தது. என் மனைவி தேற்றாங்கொட்டை ஒன்றை எடுத்துக் குடத்தின் உட்புறத்தில் இழைத்து நீரை நிரப்பிவைத்தாள். சில மணி நேரத்தில் வண்டல் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றது. அவ்விதையிலுள்ள ஒருவகைப் பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்களைத் திரளச் செய்து கீழிறக்கிவிடுகிறது. கலித்தொகைக் காலத்திலேயே இதனை நம்மவர் அறிந்திருந்தனர் என்று பெருமை கொள்ளலாமேயன்றி, தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் என்று மயங்கலாகாது. கிருமிகள் தெளிவுக்கு அஞ்சுவதில்லை. ஆகையால் வடித்த நீரைத் தளதளவென்று ஒரு நிமிஷமேனும் கொதிக்கவிட்ட பிறகே அருந்தினோம்.

ஐப்பசி 15, ஞாயிறு

மழை விட்டது. ஆற்றங்கரைக்கு உடன் வந்த பேரன், "தாத்தா, இருட்டுறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டான். கையை நேரே நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறதென்று பார்த்து, விரலுக்குக் கால் மணியாகக் கணக்கிடும்படி வனவித்தை நூல்கள் கூறும். அது சூரியன் சாய்வாகச் சறுக்கி இறங்கும் வடதேசங்களின் கணக்கு. நீட்டிய கையின் விரலொன்று ஏறத்தாழ 2 பாகையை மறைக்கும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் பகுதியில் சூரியன் பெரும்பாலும் நேர் செங்குத்தாக, 4 நிமிஷத்துக்கு 1 பாகை வீதம் இறங்கிவிடுவதால், விரலுக்கு 8 நிமிஷத்துக்குமேல் கொள்ளலாகாது. லண்டன்காரனுடைய கையை இங்கே நீட்டினால் பாதி வழியில் இருட்டிவிடும்! எங்களுக்கோ மேற்கே பொதிகைத் தொடர் மறித்து நிற்பதால், சூரியன் மலைக்குப் பின் மறைந்த பின்னரும் வெளிச்சம் சிறிது நேரம் தங்கியிருக்கிறது. அந்தச் சலுகையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். சிறுவன் வீடு வந்து சேரும் வரையில் கையை மடக்கவேயில்லை.

ஐப்பசி 17, செவ்வாய்

எதிர்வீட்டு மாடிக்குச் சாரம் கட்டுகிறார்கள். சவுக்குக் கழிகள் இரண்டு குறுக்கிடும் இடத்தில் கயிற்றைப் பலமுறை சுற்றி, பின் அச்சுற்றுகளையே கழிகளுக்கு நடுவாக வளைத்து இறுக்கிவிடும் அந்த வேலை, சாரணர் பாசறையில் சிறுவர்கள் பயின்று பதக்கம் பெறும் அதே பிணைப்புத்தான். இங்கே பதக்கமில்லை, மூன்றாம் மாடியில் நிற்கும் ஒருவனுடைய உயிர் அதில் தொங்குகிறது. என் பங்குக்கு, எத்துணைப் பாரம் இழுத்தாலும் சுருங்காமலும், வேலை முடிந்தபின் எளிதில் நெகிழ்ந்தும் கொடுக்கும் கண்ணி முடிச்சொன்றைச் சாரம் கட்டுபவரிடம் போட்டுக் காட்டினேன். அவர் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணி நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா இது நைலான் கயிறுல்லா, வழுக்கும், வாலை இன்னும் நீளமா விடணும்" என்றார். தேங்காய்நார்க் கயிற்றின் சொரசொரப்பே முடிச்சைப் பாதி காத்துவிடும் என்பதை நூல் எழுதியவர்களைவிட அவர் நன்றாக அறிந்திருக்கிறார். துணி உலர்த்தும் கொடி நைலானிலேதான் இருக்கிறது. நாளைக் காலையில் அதன் முடிச்சுகளை அவிழ்த்து, வாலை நீளமாக விட்டுக் கட்ட வேண்டும்.