எல்லாம் தெரிஞ்சுது, படகைத் தவிர

பி.காம். படிக்கிறவனுக்கு லென்ஸ் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. பெருசா ஒண்ணும் தெரியாது. நண்பன்கிட்ட ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கின 10-18 மி.மீ. அல்ட்ரா வைட் லென்ஸை வெச்சு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

என் கேமராவோட வந்த லென்ஸ் 18 மி.மீ.யில் சுமார் 74 டிகிரி பார்க்கும். இது 10 மி.மீ.யில் சுமார் 107 டிகிரி பார்க்கும். அப்போ ஊரையே ஒரே படத்துல அள்ளிடலாம்னு நினைச்சேன். அதுதான் தப்பு.

முதல்ல ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் திறந்தது. கூரையும் வரணுமேன்னு கேமராவை அண்ணாந்து பிடிச்சேன். அத்தனை வருஷம் நிமிர்ந்து நின்ன தூண்கள் என் படத்துல பின்னாடி சாய்ஞ்சிடுச்சு! கேமராவை நேரா, மட்டமா பிடிச்சு, கொஞ்சம் தள்ளி நின்னதும் தூண்களும் நேரா ஆச்சு. முதல் பாடம்.

ரெண்டாவது பாடம் மறுநாள், கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எண்ணூர் முகத்துவாரத்துல. கரையில நின்னு ஆறு, வானம், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், படகுகள் எல்லாத்தையும் ஒரே கிளிக்ல எடுத்தேன். வலை சரி பண்ணிட்டிருந்த அண்ணன்கிட்ட பெருமையா காட்டினேன்.

"நம்ம போட்டு எங்க தம்பி கீது இதுல?"

தேடினேன். அரிசி அளவுல இருந்துச்சு. அவ்வளவு பெரிய புகைபோக்கியே தீக்குச்சி மாதிரிதான் தெரிஞ்சுது.

"கிட்ட வந்து எடு"ன்னார்.

படகுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன். அப்பதான் பக்கவாட்டுல அந்தக் கறுப்புக் கறையைப் பார்த்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் கலந்தப்போ பிடிச்ச கறை. சோப்புப் போட்டுத் தேய்ச்சும் முழுசா போகலையாம். படத்துல கறை முன்னாடி பெருசா, புகைபோக்கிகள் பின்னாடி சின்னதா. இந்த லென்ஸ் கிட்ட இருக்கிறதைப் பெருசாக்கும், தூரத்துல இருக்கிறதைச் சின்னதாக்கும். எதுகிட்ட போறோமோ அதுதான் படம்.

அண்ணனை ஓரத்துல நிக்க வெச்சு எடுத்ததுல முகம் பூசணிக்காய் மாதிரி இழுத்துக்கிச்சு. அவரே சிரிச்சிட்டார். ஓரத்துல எதுவா இருந்தாலும் இழுபடும். மன்னிப்புக் கேட்டு, நடுவுக்கு வரச்சொல்லி, ரெண்டடி பின்னால போய் எடுத்தேன்.

நான் திருவொற்றியூர்க்காரன். எங்க பக்கம் படம் எடுக்க வர்றவங்க புகையை மட்டும் எடுத்துட்டுப் போறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா கோபம். அன்னிக்கு முதல் படத்துல நானும் அதைத்தான் பண்ணியிருந்தேன்.

உங்க போன்லயும் 0.5 இருக்கும். அடுத்த தடவை அதைத் தொட்டா ரெண்டடி முன்னால போங்க. முன்னால போகணும்னா பேசணும், அனுமதி கேட்கணும். பாதிப் படம் அதுலயே வந்துடும்.

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ரெண்டாவது படத்தோட பிரிண்ட் அண்ணன் வீட்டுல இருக்கு.