கரடிக்குக் கடலை

ஹன்சல் மேத்தாவின் இயக்கத்தில் 2020இல் வெளிவந்த 'ஸ்கேம் 1992' தொடரின் பத்துப் பகுதிகளையும் விடுமுறையில் பார்த்து முடித்தேன். தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கதை பலரும் அறிந்ததே. வங்கிகள் கடன் பத்திரங்களுக்கு ஈடாகத் தரும் ரசீதுகள் பத்திரமே இல்லாமல் எழுதப்பட்டன. அப்பணம் பங்குச் சந்தையில் பாய்ந்தது. இருநூறு ரூபாய் அளவிலிருந்த ஏ.சி.சி. பங்கு ஏறத்தாழ ஒன்பதாயிரத்தைத் தொட்டது. 1992 ஏப்ரல் 23 அன்று சுசேதா தலால் உண்மையை நாளிதழில் வெளியிட்டார். 2001 டிசம்பர் 31 அன்று, காவலில் இருக்கும்போதே மேத்தா இறந்தார்.

என் உறக்கத்தைக் கெடுத்தது அந்தப் பணமன்று, பகை. விலை ஏறுமென்று பணம் போடுவோரைக் காளைகள் என்றும், இறங்குமென்று போடுவோரைக் கரடிகள் என்றும் சந்தையில் அழைப்பர். மேத்தா மும்பை விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று, கரடிகளுக்குக் கடலை போட்டுத் தம் வெற்றியைக் கொண்டாடினார் என்பார்கள். அவ்வளவு செல்வம் சேர்ந்த பின்னும், எதிரி தோற்றதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது போலும்.

அவரைப் பழிக்க எனக்குத் தகுதியில்லை. 2021இல் நானும் உடன் பணியாற்றும் நண்பரும் கைப்பேசி வழியே பங்கு வாங்கத் தொடங்கினோம். நாள்தோறும் ஆசிரியர் அறையில் கணக்கை ஒப்பிட்டுக்கொள்வோம். ஒருநாள், மகளின் படிப்புக்கென வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி ஊக வணிகத்தில் போய்விட்டதென்றார். தோளைத் தொட்டு ஆறுதல் கூறினேன். உள்ளே ஏதோ இனித்தது. 'அழுக்காறாமை' அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துபவன் நான்.

நான் வசிக்கும் பொன்னேரிக்கு அருகே, பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் வலையிடும் வாய்ப்பை, உரிமையுள்ள மீனவர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை அதை மற்றவருக்கு விட வேண்டும். இதைப் பொற்காலமென்று போற்ற வரவில்லை. அவ்வுரிமை பரம்பரையாகச் சிலருக்கே உரியது. வெளியே நிற்போரின் குறையில் நியாயமுண்டு. ஆயினும் அதை வகுத்தவர்கள் மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்று தோன்றுகிறது. பக்கத்து வலையின் மேலேயே நிற்கும் கண்ணை அவர்கள் அறிந்திருந்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அப்படியொரு முறை இல்லை, சந்தையிலும் இல்லை.

நண்பர் இப்போதும் பக்கத்து இருக்கையில்தான் அமர்கிறார். அன்று ஆறுதல் சொன்னவன் நான் ஒருவனே என்று பிறரிடம் நன்றியோடு கூறுவார். கேட்கும்போதெல்லாம் விடைத்தாள் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.