மூணாற்றிலும் ஹட்டனிலும் மதமும் பள்ளியும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இலங்கையின் ஹட்டன் மலையகப் பிள்ளைகளுக்கும் மொழி ஒன்று, முன்னோர் தொழிலும் ஒன்று. பள்ளியில் மதம் அவர்களை எதிர்கொள்ளும் விதம் வேறு. ஹட்டன் மாணவர் தம் சமயத்தைக் கட்டாயப் பாடமாகக் கற்றுச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார். மூணாற்று அரசுப் பள்ளியிலோ அரசமைப்பின் 28ஆம் உறுப்பு சமய போதனையைத் தடுக்கிறது.

ஆகவே இந்தியப் பள்ளியில் மதத்தின் பிடி தளர்ந்தது என முடிவுகட்டுவது அவசரம். பௌத்தத்துக்கு 1972 முதல் அரசமைப்பில் முதன்மையிடம் அளித்துள்ள இலங்கை, உதவிபெற்ற மதப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை 1960-61இலேயே அரசின்கீழ்க் கொணர்ந்தது. கேரளத்தின் 1957ஆம் ஆண்டுக் கல்வி மசோதாவில் அத்தகைய கையகப்படுத்தலுக்கு வழிசெய்த பிரிவுகள், சிறுபான்மையினரின் 30ஆம் உறுப்புரிமைக்கு முரணானவை என உச்ச நீதிமன்றம் 1958இல் கருத்துரைத்தது. மறுஆண்டு விமோசன சமரத்தின் முடிவில் மாநில ஆட்சியே கலைக்கப்பட்டது. இன்றும் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு ஊதியம் தருவது அரசு, நியமிப்பவர் மேலாளர். அவர் திருச்சபையின் சார்பிலோ சமுதாயச் சங்கத்தின் சார்பிலோ அமர்ந்திருக்கலாம்.

அதே 30ஆம் உறுப்பு மொழிச் சிறுபான்மைக்கும் உரியது என்பது விவாதங்களில் எளிதில் நழுவிவிடுகிறது. பள்ளி நிறுவும் பொருள்வளம் திருச்சபைகளுக்கு உண்டு. சித்தூர், தேவிகுளம் தாலுகாக்களின் தமிழ்க் கூலித் தொழிலாளருக்கு அது ஏது?