காலையில் மணக்காத பூ

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் மேல் சாத்துகிற சந்தனம் ஒரு வருஷம் இருக்கும். சித்திரை மாதம் சதய நட்சத்திரத்தன்று பழைய காப்பைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். அடுத்த சித்திரை வரை அதுதான். தொண்டைமான் மன்னனுடைய யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது, அவன் வாளால் கொடியை வெட்டினான், உள்ளே இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் வந்தது, அந்தக் காயம் குளிரத்தான் சந்தனம் என்று கதை. கருவறை முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தூண்களைத்தான் பார்ப்பார்கள். நான் சின்ன வயதில் அங்கே போனால் மூக்கால்தான் சாமி கும்பிட்டேன். எண்ணெய்த் திரி, வில்வம், ஈரக் கல், வௌவால் எல்லாம் அந்தக் காற்றில் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் சந்தனம். தனியாகப் பிரித்து ‘இதுதான்’ என்று சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் அப்படி மணக்காது.

வாசனை பற்றி யார் கேட்டாலும் அந்தக் கருவறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இப்போது கேட்டது மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். லேத் பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கும் எஸ்டேட் இப்போது.

“ஃப்ரெஷ்ஷா இருக்கணும்மா. ஆனா சாயந்திரம் வரைக்கும் நிக்கணும். டெய்லி போடுற மாதிரி ஒண்ணு சொல்லு.”

சென்னையின் மேற்கே எங்கள் பக்கத்தில் இது லேசான கேள்வி இல்லை. மெரினாவில் கடற்காற்று நுழைந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆவடிக்கு எட்டும். சில நாள் எட்டாமலேயே போய்விடும். வைகாசி மதியத்தில் அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றால் காலையில் போட்டுக்கொண்டது எதுவும் மேலே மிச்சமிருக்காது. தோல் சூடேறினால் வாசனை சீக்கிரம் ஆவியாகும். அதோடு அவள் கேட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. எலுமிச்சை, ஆரஞ்சு, கிச்சிலி போன்றவற்றின் தோலில் இருக்கும் லிமோனின் என்ற சேர்மத்துக்கு 10 கார்பன் அணுக்கள்தான். சின்ன மூலக்கூறு, லேசானது, உடனே பறக்கும். பறப்பதால்தான் அது மூக்குக்குப் புத்துணர்ச்சியாகப் படுகிறது. சந்தனத்தின் சான்டலால் 15 கார்பன் கொண்டது. வெட்டிவேரில் உள்ளவையும் பெரும்பாலும் அப்படித்தான். அவை மெதுவாகத்தான் கிளம்பும். ஆக, புதிதாக மணப்பது நிற்காது. நிற்பது புதிதாக மணக்காது. சென்ட் செய்கிறவர்கள் மூன்று நூற்றாண்டாக மல்லுக்கட்டுவது இதனோடுதான்.

ஓடிகொலோன் என்று ஒன்று எல்லார் வீட்டிலும் இருந்ததே, அதை நினைத்துக்கொள்கிறேன். காய்ச்சல் வந்தால் கைக்குட்டையை அதில் நனைத்து நெற்றியில் போடுவார்கள். அலமாரியின் மேல்தட்டில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா என்ற இத்தாலியர் 1709இல் தொடங்கிய கடையிலிருந்து உலகம் முழுக்கப் போன வாசனை அது. அவர் ஊரை விட்டு வந்தவர். பிறந்த நாட்டின் நினைவை ஒரு புட்டிக்குள் வைக்கப் பார்த்தார். எலுமிச்சை வகைதான் முக்கால்வாசி. அதனால் நெற்றியில் போட்டதும் ஜில்லென்று ஏறும், அம்மா மறுபடி நனைத்து எடுத்து வருவதற்குள் போய்விடும். காய்ச்சல்காரருக்கு அது போதும். காலை ஏழு மணி ரயிலில் ஏறி இரவு ஏழு மணிக்கு இறங்குகிறவளுக்குப் போதாது.

அந்த ஏழு மணி ரயில். திருமுல்லைவாயிலில் ஏறிக் கடற்கரை வரை, பாரிமுனையில் இருந்த என் முதல் அலுவலகத்துக்கு. பெண்கள் பெட்டியில் கால் வைத்ததும் பாண்ட்ஸ், குட்டிக்கூரா, கோகுல் சாண்டல், தேங்காய் எண்ணெய், ஈரத் தலை. கண்ணை மூடிக்கொண்டே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அம்பத்தூர் பக்கம் டன்லப் ஆலையின் ரப்பர் நாற்றம் ஒரு கனத்தோடு நுழையும். ஆலை மூடி வெகுகாலமாயிற்று, பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் பெயர் நிற்கிறது. ரயிலை விட்டுவிட்டுப் பேருந்தில் போகிற நாளில் பாடியில் பிரிட்டானியா பிஸ்கட் வேகும் வாசனை. பசியோடு போகிறவர்களுக்கு அது கொடுமை, குழந்தைகளுக்குத் திருவிழா. எங்கள் வழியில் எல்லா ஊருக்கும் ஒரு வாசனை இருந்தது. அதற்கு நடுவே நம்முடையது என்று ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தை எதிர்த்திசையில் போவாள். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கிற ஓ.சி.எஃப்.பில் தையல்காரி. இரண்டே நிறுத்தம். அவள் வாழ்நாளில் சென்ட் புட்டி வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் சாயந்திரம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் சமையலறையில் இருக்கிற எனக்குத் தெரிந்துவிடும். காலையில் போகும்போது தெரியாது. பல வருஷம் இது எனக்குப் புதிராக இருந்தது.

பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரு பூக்காரம்மா ஈரத்துணி போர்த்திய கூடையோடு வருவார். நான் விரிந்த பூவாகப் பார்த்துக் கை நீட்டுவேன். அத்தை என் கையைத் தட்டிவிடுவாள்.

“இப்ப வாசனையா இருக்குறது எதுக்குடி? மத்தியானம் வாடிப் போயிரும். பச்ச மொட்டா வாங்கு. அது சாயந்திரம் விரியும், அப்ப பாரு.”

குண்டுமல்லி மொட்டை விடியற்காலையில் பறிப்பார்கள். அது அந்தியில்தான் வெடிக்கும். வாசம் இரவில்தான் ஏறும். கொடியிலிருந்து பறித்த பிறகும் மொட்டு அந்தக் கணக்கை மறப்பதில்லை. அத்தை காலையில் தலையில் வைத்துக்கொண்டு போனது மணம் இல்லாத வெள்ளை மொட்டு. தையல் எந்திரத்தின் முன்னால் அவள் குனிந்திருந்த பகல் முழுக்க அது உள்ளுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து களைத்து வருகிற நேரத்துக்கு அவளுக்கான வாசனை பிறந்தது. புட்டியில் வருவது எல்லாம் காலையில் உச்சத்தில் தொடங்கிப் பிறகு இறங்குகிறது. மொட்டு மட்டும் ஏறுகிறது. நாள் முழுக்க நிற்கும் வாசனை என்றால் எனக்கு அத்தைதான்.

பூந்தமல்லி என்றதும் திருக்கச்சி நம்பி நினைவுக்கு வருகிறார். பதினோராம் நூற்றாண்டில் அந்த ஊரில் பிறந்தவர். பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, அந்தப் பூவைக் காஞ்சிபுரத்து வரதராஜருக்கு எடுத்துப்போய்ச் சாத்தினார் என்பது வரலாறு. பிறகு அங்கே விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியமும் செய்தார். ராமானுஜருக்கே குருவின் இடத்தில் இருந்தவர். பூந்தமல்லிக்கும் காஞ்சிக்கும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வெயில் காலத்தில் அவ்வளவு தூரம் பூ வாடாமல் போக வேண்டுமானால் மொட்டாகத்தான் போயிருக்க வேண்டும், ஈர வாழை இலையில்தான் போயிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். அத்தையின் கணக்கும் நம்பியின் கணக்கும் ஒன்றாக இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அத்தையின் வாசனை பூவோடு முடியவில்லை. அவள் மர பீரோவைத் திறந்தால் வேறு ஓர் உலகம். துணிகளுக்கு நடுவே வெட்டிவேர்க் கட்டு. பட்டுப்புடவை மடிப்பில் தாழம்பூ மடல். ஒரு சின்னத் துணிமுடிச்சில் உலர்ந்த மகிழம்பூ. மகிழம்பூ காய்ந்து பழுப்பானாலும் மணம் போகாத பூ. அவளுடைய காட்டன் புடவைகள் வாரக்கணக்கில் இவற்றோடு படுத்துக் கிடந்தவை. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து சாம்பிராணிப் புகை மேல் கூந்தலை விரிப்பாள். அந்தப் புகையின் இனிப்பு தலையணையில் ஞாயிறு வரை இருக்கும். சாம்பிராணிப் பிசின் சுமத்ரா, சயாம் பக்கத்துச் சரக்கு. பாரீஸ் நகரத்துச் சென்ட்காரர்களும் அதே பிசினை அடியில் போடுகிறார்கள், மேலே போட்டது ஓடிப்போகாமல் பிடித்துவைக்க. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கூந்தலை நீராட்டும் இடம் உண்டு. பத்துத் துவர்ச் சரக்கு, ஐந்து விரை என்ற வாசனைப் பொருள், முப்பத்திரண்டு ஓமாலிகை மூலிகை ஊறிய நீரில் ஆட்டிப் பிறகு புகையில் உலர்த்துகிறாள். அந்த ஐந்து விரையில் அகிலும் சந்தனமும் உண்டு. கட்டையும் வேரும் பிசினும் முதலில், பூ கடைசியில். நம்மிடம் அந்த வரிசை பழையது.

திருவல்லிக்கேணி அத்தர் கடையில் எனக்கு இது இன்னும் தெளிவாயிற்று. ஒரு பெரியவர் குச்சியில் தொட்டு என் புறங்கையில் தடவினார். நான் உடனே முகரப் போனேன். “இப்ப வேணாம்மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்து பாருங்க” என்றார். கன்னோஜில் செய்யும் பழைய முறை அத்தரில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள்தான் இறக்குவார்கள். ஸ்பிரிட் கிடையாது. முதல் நிமிஷத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நான் தெருமுனை சுற்றிவிட்டு வந்தபோது அந்தக் கையில் ரோஜா இருந்தது, ராத்திரி சோறு பிசையும்போது சந்தனம் இருந்தது. சந்தன எண்ணெய் விலையேறி இன்று மலிவான அத்தர்களில் வேறு எண்ணெய்தான் என்பதையும் அவரே சொன்னார்.

மேல்நாட்டுக்காரர்கள் இதை வேறு வழியில் தேடினார்கள். 1966இல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா, டியோர் நிறுவனத்துக்காகத் தான் செய்த ஓ சோவாஜ் என்ற சென்டில் ஹீடியோன் என்ற சேர்மத்தைச் சேர்த்தார். மல்லிகை மணத்தை ஆராயப்போய்க் கிடைத்தது அது. அந்த மல்லிகை நம் ஜாதிமல்லி இனம்தான். மல்லிகையின் பாரம் இல்லாமல் அதன் காற்றோட்டம் மட்டும் அதில் வரும், எலுமிச்சை போன பிறகும் அந்தக் குளிர்ச்சி கொஞ்ச நேரம் தொடரும். இன்று ஃப்ரெஷ் என்று விற்கும் புட்டிகளில் ஏராளமானவற்றில் இது உண்டு. மகள் கடையில் முகர்ந்து பார்த்துப் பிடித்தது என்று சொன்ன மூன்றிலும் அந்த ஈர மல்லிகைச் சாயல் இருந்தது. அவளுக்குத் தெரியாமலே அவள் மூக்கு வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

கடைக்காரர் பையன் அவளிடம் இ.டி.பி. வாங்குங்கள், இ.டி.டி. நிற்காது என்றானாம். பாதி சரி. இ.டி.டி. என்கிற ஓ டி டாய்லெட்டில் வாசனைச் சாறு சுமார் 5 முதல் 15 சதவீதம், இ.டி.பி. என்கிற ஓ டி பர்ஃப்யூமில் 15 முதல் 20. ஆனால் சாறு கூடினால் கனமும் கூடும். ஆவடி ரயிலில் மூச்சு முட்ட நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கும், ஆஸ்துமாக்காரருக்கும் அந்தக் கனம் வதை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சென்ட் விளம்பரம் எதுவும் சொல்லாது. அடித்துக்கொண்டவர் மூக்கு சில நிமிஷங்களில் அந்த வாசனைக்குப் பழகிவிடும். தனக்குத் தெரியவில்லை என்று மறுபடி அடிப்பார். எதிரில் இருப்பவருக்கோ முதல் தடவை அடித்ததே இன்னும் போயிருக்காது. போய்விட்டதா என்று வீட்டில் இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி.

இப்படி எங்கே போனாலும் கருவறைக்கே வந்துவிடுகிறேன். அங்கே வில்வம் தினம் மாறுகிறது, பூ வேளைக்கு வேளை மாறுகிறது, திரி மாறுகிறது. சந்தனம் மட்டும் வருஷத்துக்கு ஒரு முறை. மகளின் கேள்விக்கு என் பதிலும் இதிலிருந்துதான் வந்தது. நிற்பதையும் புதிதாக இருப்பதையும் ஒரே புட்டியில் தேடாதே என்றேன். நிற்க வேண்டியதைத் துணியில் வை. புதிதாக இருக்க வேண்டியதைக் கைப்பையில் வை.

குளித்துவிட்டு ஈரம் முழுதாக உலர்வதற்குள் முழங்கை மடிப்பில் ஒரு துளித் தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் சென்ட் போட்டால் வறண்ட தோலைவிட அதிக நேரம் இருக்கும். கழுத்தில் எலுமிச்சை வகை வேண்டாம், அதிலும் பெர்கமோட் எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் கருத்துவிடும். சுடிதாரின் உள்மடிப்பில் தெளித்தால் கறையும் வெளியே தெரியாது. பருத்தித் துணி உடம்பைவிடக் குளிர்ச்சி, அதனால் வாசனையை அவசரமாக விடாது. அந்த லேசான எலுமிச்சைப் புட்டியையே வாங்கு, சின்னதாக வாங்கு, மதியம் சாப்பிட்டபின் ஒரு தடவை மணிக்கட்டில். சாப்பாட்டு மேசையில் வேண்டாம், கை கழுவுகிற இடத்தில்.

அவள் இ.டி.பி.யை விட்டுவிட்டு 10 மில்லி புட்டி ஒன்று வாங்கினாள். வெட்டிவேர் நான் வாங்கிக் கொடுத்தேன். நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். மண் போக அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டித் துணிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பூசணம் பிடிக்கும். மணம் குறைந்தால் வேரை லேசாக நசுக்கினால் மறுபடி கிளம்பும்.