“எப்படி இருக்கு?” என்று பிள்ளை கேட்டால்



நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இப்போது சொந்தமாகவே இசை அமைக்கிறார்கள். ஆர்மோனியம் இல்லை, தபேலா இல்லை. ஒரு கைப்பேசி, ஒரு பழைய மடிக்கணினி, காதில் மாட்டும் ஒலிக்கருவி; மூலதனம் இவ்வளவுதான். தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த பையன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். தாளத்தை முதலில் போட்டு, அதன்மேல் மெட்டை வைத்து, இடையிடையே ஏதேதோ ஓசைகளைச் சேர்த்து, பல இரவுகள் கண்விழித்து மூன்று நான்கு நிமிட இசை ஒன்றைக் கட்டி முடிக்கிறான். பிறகு அதை நம்மிடம் போட்டுக் காட்டி, “எப்படி இருக்கு?” என்று கேட்கிறான்.

நாம் என்ன சொல்கிறோம்? ஒன்று, “நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். அல்லது, “என்னடா இது, டமடமன்னு ஒரே இரைச்சல்!” என்கிறோம். முதல் பதில் அன்பினால் வருவது. அடுத்தது அலுப்பினால் வருவது. ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை மறுநாள் எதையும் திருத்த முடியாது.

நான் சங்கீதம் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று, பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். பள்ளியின் பெயரில்தான் இன்னும் தோட்டம் இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இருந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா என்று பிரிந்து போய்விட்டன. ஆனாலும் வாரந்தோறும் முப்பது கட்டுரைகள் திருத்துகிற எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். “நன்று” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்த கட்டுரையை மாணவன் மறுபடி திறப்பதில்லை. பக்கம் முழுவதும் சிவப்பு மையால் கோடிழுத்துக் கொடுத்தாலும் திறப்பதில்லை. “மூன்றாம் பத்தியில் உன் பாட்டி வந்ததும் கட்டுரைக்கு உயிர் வந்தது. அவரை முதலிலேயே கொண்டுவந்தால் என்ன?” என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்குப் போய் மறுபடி எழுதிக்கொண்டு வருவான்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது ஈப்போவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். அவன் தாயார் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்ட வாழ்க்கையை வைத்து, பாட்டு வரிகளே இல்லாமல், நான்கு நிமிட மின்னிசை ஒன்றை அவன் செய்து இணையத்தில் ஏற்றியிருந்தான். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “முப்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்காங்க சார். ஆனா ஒருத்தர்கூட உள்ளே என்ன கேட்டாங்கன்னு சொல்லலை. கீபோர்டை வித்துடலாம்னு இருக்கேன்” என்றான். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. திட்டு வாங்கிய பிள்ளை மறுபடி முயன்று பார்ப்பதுண்டு. பதிலே வராத பிள்ளை சத்தமில்லாமல் விட்டுவிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமையே புந்தோங்கில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன்.

அன்று மாலை நாங்கள் அந்த இசையைக் கேட்ட முறையைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இசை அறிவு இல்லாதவர்களும் செய்யக்கூடியதுதான் அது.

முதலாவதாக, கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் நாங்கள் கேட்கவில்லை. மனிதக் காது விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடித்தொண்டையில் பேசுவது போன்ற ஆழ்ந்த ஓசைகளைக் கைப்பேசியின் சிறிய வாயால் வெளியே கொண்டுவர முடியாது. மின்னிசையின் பாதி உயிர் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. ஆகவே காதில் மாட்டும் கருவியில் ஒருமுறையும், அவன் பழைய காரில் உட்கார்ந்து ஒருமுறையும் கேட்டோம். முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. பாதியில் நிறுத்திக் கருத்துச் சொல்வது, ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதைப் போன்றது.

இரண்டாவதாக, “நீ இதில் என்ன காட்ட நினைத்தாய்?” என்று கேட்டேன். “விடியறதுக்கு முன்னாடி இருட்டு, பெரட்டு, வேலை, மத்தியானம் வெயில், சாயங்காலம் கோயில் உறுமி. ஒரு நாள் முழுக்க சார்” என்றான். இந்தக் கேள்வி இல்லாமல் எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். ஈப்போவுக்குப் போகிறவனிடம் தைப்பிங்குக்கு வழி சொல்லி என்ன பயன்?

மூன்றாவதாக, இடத்தைச் சுட்டிச் சொன்னேன். “இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் உறுமி வருகிறது என்கிறாய். நீ சொன்ன பிறகுதான் அது அங்கே இருப்பது தெரிகிறது. எனக்குக் கேட்கவில்லை” என்றேன். தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போனவர்களுக்கு உறுமியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வளைந்த குச்சியைத் தோலில் இழைக்கும்போது எழும் அந்த உறுமல் நெஞ்சுக்குள் இறங்கும். அவன் சற்று யோசித்துவிட்டு, தான் போட்டிருந்த ஆழ்ந்த மின் ஒலியும் உறுமியும் ஒரே தாழ்ந்த இடத்தில் மோதிக்கொள்கின்றன என்று கண்டுபிடித்தான். ஒன்று பேசும்போது மற்றது விலகி நிற்க வேண்டுமாம். அதை எப்படிச் செய்வது என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வைத்தியரிடம் போகிற நோயாளி, வலிக்கிற இடத்தைக் காட்டினால் போதும். மருந்து எழுதுவது வைத்தியர் வேலை. இசையில் வைத்தியர் அதைச் செய்தவனேதான்.

இன்னொரு சிறு குறிப்பு. பழையதையும் திருத்தியதையும் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துக் கேளுங்கள். சத்தம் சற்றுக் கூடினால், அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது நம்மை ஏமாற்றிவிடும்.

அந்தப் பையனின் தாயார் அதுவரை சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?” என்றேன். “எனக்கு என்ன சார் தெரியும் இதெல்லாம்?” என்று ஒதுங்கப் பார்த்தார். நானும் விடவில்லை. அப்போதுதான் சொன்னார்:

“நடுவுல கரக் கரக்னு வருதே, அது பால் வெட்டுற கத்தியாம். மரம் வெட்டுற சத்தம் அப்படியா இருக்கும்? பட்டையை அப்படிக் கிழிச்சா மரம் செத்துப்போகும். மண்டோர் நம்மளைச் சும்மா விடுவாரா? கத்தி இழைக்கிறது பக்கத்து நிரைக்குக்கூடக் கேக்காது. பால் மங்குல சொட்டுறதுக்கும் சத்தம் கிடையாது. தோட்டத்துல சத்தம்னா மத்தியான வெயில்ல ரப்பர் காய் வெடிக்குமே, டப்புன்னு, அதுதான். தனியா இருக்கிறப்போ தூக்கிவாரிப் போடும். அதை வைக்கலியே இவன்!”

பையன் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தான். அந்தக் கத்தி ஓசையை அவன் எங்கோ இணையத்தில் எடுத்திருந்தான். அது மரவேலை செய்யும் ஓசை. முப்பது விருப்பக்குறிகளில் கிடைக்காத ஒன்று, இசையே தெரியாது என்று சொன்ன அந்த அம்மாளிடம் கிடைத்தது. அவரைத் தவிர வேறு யாரால் அதைச் சொல்லியிருக்க முடியும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நமக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, குறை என்பது வேறு. 1980இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் டி.ஆர்.808 என்ற தாளப் பெட்டியை வெளியிட்டது. அதன் ஓசை உண்மையான மேளம்போல் இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். 1983இல் அதன் உற்பத்தியே நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியை, விலையுயர்ந்த கருவிகள் வாங்க முடியாத அமெரிக்க இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். குறை என்று ஒதுக்கிய அந்த ஓசையைத்தான் இன்று உலகம் முழுவதும் தேடிப் பயன்படுத்துகிறார்கள்.

பம்பாய்த் திரைப்பட இசைக் கலைஞரான சரண்ஜித் சிங், 1982இல் அதே பெட்டியையும் வேறு மின்கருவிகளையும் வைத்து, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது விலை போகவில்லை. 2010இல் அது மறுபடி வெளிவந்தபோதுதான், காலத்தை முந்திய படைப்பு என்று உலகம் வியந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி இருந்தது. 2015இல் காலமானார். கேட்பவர்களின் பதில் வந்து சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன!

ஆகையால் “இது மேளம் மாதிரி இல்லையே” என்று தீர்ப்புச் சொல்வதைவிட, “இது மேளம் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தாயா?” என்று கேட்பது நல்லது. அன்று நானும் அந்த இசையின் தொடக்கம் நீளமாக இருக்கிறது, ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்றேன். பையன் மறுத்தான். “இருட்டுல பெரட்டுக்கு நிக்கிறப்போ நேரம் அப்படித்தான் சார் போகும்னு அம்மா சொல்லுவாங்க” என்றான். அந்த இடத்தை அவன் மாற்றவில்லை. எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. காரணம் சொல்லி மறுக்கத் தெரிந்தவனுக்குத் தன் வேலை என்னவென்று தெரிந்துவிட்டது என்றுதானே பொருள்?

இப்படிக் கருத்துச் சொல்லி வளர்ப்பது நமக்குப் புதிதா? 1950இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். இந்நாட்டில் எழுத விரும்பியவர்களுக்குப் பத்திரிகை வழியாகவே பயிற்சி கொடுத்தார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் இன்றும் அந்த வகுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. அந்த வகுப்பின் வழக்கமுமா நின்றுபோக வேண்டும்? கதைக்குச் செய்ததை இசைக்கும் செய்யலாம் அல்லவா?

மின்னிசை நம்முடையது இல்லை என்றும் சிலர் சொல்லக்கூடும். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே இளையராஜா கணினி வழி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஏ. ஆர். ரகுமானின் மின்னொலிகளை நாம் வீட்டு வானொலியில் கேட்டுக் கிறங்கவில்லையா? 2006இல் மலேசியாவின் யோகி பியும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பை வெளியிட்டு, தமிழ்நாட்டு இளைஞர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். 2021இல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையே அதற்குத் தூண்டுதல் என்று அறிவு சொல்லியிருக்கிறார். ஒரு தோட்டத்துப் பாட்டி பேரனிடம் சொன்ன கதை உலகம் கேட்கும் இசையானது. நம் வீட்டுப் பாட்டிகளிடம் கதை இல்லையா என்ன?

அந்தப் பையன் கீபோர்டை விற்கவில்லை. காய் முற்றும் காலம் வரும்வரை காத்திருந்து, மிச்சமிருந்த ஒரு சிறிய ரப்பர் தோப்பில் இரண்டு மத்தியானங்கள் உட்கார்ந்து, காய் வெடிக்கும் ஓசையைப் பதிவு செய்துகொண்டு வந்தான். அந்த இசைக்கு இப்போது ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் வந்துவிடவில்லை. கேட்டவர்கள் சிலர், “அந்த டப்பென்ற சத்தம் என்ன?” என்று கேட்டு எழுதுகிறார்களாம். அவனும் விளக்கிப் பதில் எழுதுகிறான். அடுத்ததைத் தொடங்கியும் விட்டான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. “எப்படி இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது? எந்த ஓசை பொய்யாகத் தெரிந்தது? எதை மறுபடி கேட்கத் தோன்றியது?” என்று கேளுங்கள். பதில் கசந்தால் உடனே வாதாட வேண்டாம். ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது.

பெற்றோர்களே, பெரியவர்களே! பிடித்த இடம் ஒன்று, கேட்காத இடம் ஒன்று, கேட்க விரும்பும் கேள்வி ஒன்று. இந்த மூன்றைச் சொன்னால் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பெரட்டு மணி எப்படி அடித்தது, காண்டா வாளி நடக்கும்போது எப்படி ஆடியது, மழைக்கு முன் தோட்டம் எப்படி இரைந்தது என்பதெல்லாம் அறிந்த காதுகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. எந்தக் கணினிக்குள்ளும் அவை இல்லை. “எனக்கு என்ன தெரியும்?” என்று அந்தக் காதுகள் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வோம்.