அழித்த கம்பி

சென்ற மாசி மாதத்து வைகறையொன்றில், மன்னார் வங்காலைச் சரணாலயத்திலே கமராவுடன் காத்திருந்தோம். பூநாரைக் கூட்டம் நீரின்மேல் ஓடியோடி எழுந்தது. வினாடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடிய கமரா, அச்செந்நிறச் சிறகுகளை அசையாது நிறுத்தியது.

வீடு திரும்பிக் கணினியிற் படத்தைத் திருத்தலானோம். மங்கிய ஒளியைக் கூட்டினோம்; குறுக்கே ஓடிய மின்கம்பியை அழித்தோம். அழகு கூடிற்றென மகிழ்ந்திருக்கையில், அருகே நின்ற மகள் வினவினாள்: "அப்பா, படத்திலே கம்பியை அழித்துவிட்டீர்கள், வானத்திலே யார் அழிப்பது?"

நாம் வாயடைத்துப்போனோம். மன்னாரில் மின்கம்பிகளில் மோதிப் பூநாரைகள் மடிந்தமை நாம் அறியாததன்று. அழித்த கம்பியை மீண்டும் அதனிடத்தில் வைத்தோம்.

விறாந்தைச் சுவரில் அப்படத்தைக் காணும் விருந்தினர், "இக்கம்பி அழகைக் கெடுக்கின்றதே" என்பர். "ஆம், கெடுக்கத்தான் செய்கிறது" என்போம் நாம்.