மேல் தட்டு, கீழ்த் தட்டு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நாங்கள் நுழைந்த நேரம், ஒரு பட்டறையில் கேஸ் சூளையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அந்தியில் அணைத்தது. கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. மேல் தட்டிலிருந்த குவளைகளைத் துணியால் பிடித்து எடுத்து வெளியே வைத்த அம்மாள், கீழ்த் தட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். மேலே கிளேஸ் உருகிப் பளபளவென்று படர்ந்திருந்தது. கீழே அதே களிமண், அதே கிளேஸ், ஒரே சூளை. ஆனால் நிறம் வெளுத்து, நகம் பட்டால் கீச்சென்றது. "இதெல்லாம் திரும்பப் போடணும்" என்று தனியே ஒதுக்கினார்.

என்னோடு வந்த அக்கா மகள் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே குனிந்து அடித்தளத்தைப் பார்த்தாள். சூளை விற்கிறவர்கள் சொல்வதைவிடச் சூளை பிரிக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பது நல்லது என்பது அவள் கட்சி.

அவளுக்குச் சேத்தியாத்தோப்பில் வீடு. விருத்தாசலம் அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிலகத்தில் டிப்ளமோ படித்தவள். கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு, மோட்டார் சக்கரத்தில் குவளை, கிண்ணம், கார்த்திகைக்கு அகல் என்று செய்கிறாள். செய்வது வீட்டில், சுடுவது விருத்தாசலத்தில். யாராவது சூளை போடும்போது ஓரத்தில் இடம் கேட்டு வாடகைக்குச் சுட்டுக்கொள்கிறாள். சிதம்பரம் பஸ்ஸில் வைக்கோல் பொதிந்த கூடையோடு ஏறினால், கம்மாபுரம் தாண்டுவதற்குள் நாலு குவளைக்குக் காது உடைந்திருக்கும். சுடாத மண் அப்பளத்தைவிட மோசம். அதனால்தான் வீட்டுக்கே ஒரு கேஸ் சூளை வாங்கிவிடலாம் என்ற யோசனை. "மாமா, நீங்களும் வாங்க, கணக்குக் கேக்க ஆள் வேணும்" என்றாள். கணக்கெல்லாம் அவளே கேட்டாள்; நான் குறித்துக்கொண்டேன்.

இந்த வட்டாரத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கு மண்தான் காரணம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் ஒட்டுக் களிமண்ணும் உண்டு. பழைய ஃபியூஸ் கட்டைகள், மின்கம்பத்துப் பீங்கான்கள், சோதனைச்சாலை மூசைகள், கொலு பொம்மைகள் எல்லாம் விருத்தாசலத்திலிருந்து போயிருக்கின்றன. விறகு, நிலக்கரி, எண்ணெய் என்று எரிபொருள் மாறி மாறி இப்போது கேஸ். குஜராத்தின் மோர்பியில் 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் நிலக்கரி வாயுக் கலன்களை மூடச் சொன்னபோது, அங்கே டைல்ஸ் ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இங்கே அப்படி ஒரே நாள் உத்தரவெல்லாம் இல்லை. புகை பக்கத்து வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யும், விறகுக்கு ஆள் கிடைக்காது. அந்த வழியில் வந்த மாற்றம்.

சூளை கட்டித் தரும் மேஸ்திரி ஒருவர் பேட்டைக்கு வெளியே இரும்புக் கூடுகளை அடுக்கி வைத்திருந்தார். வாய் நிறையப் பேச்சு. முதலில் சொன்னதே "1300 டிகிரி போவும்மா" என்பதுதான்.

"போவும் அண்ணே. கீழ்த் தட்டு எவ்வளவு போவும்?"

மேஸ்திரி சற்று யோசித்து, "அது அடுக்குறதைப் பொறுத்தது" என்றார். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தீ எங்கே நுழைகிறது, எப்படித் திரும்புகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதையும் பொறுத்தது. அடியில் நுழைந்து மேலே ஓட்டை வழியாக வெளியேறும் சூளை கட்டச் சுலபம், விலை குறைவு. ஆனால் தீ நேராகப் போய்விடும். தட்டுகளுக்கு நடுவே சுற்றி வராது. இன்னொரு வகையில் தீ பக்கச் சுவரோரம் ஏறி, கூரையில் முட்டித் திரும்பி, பாண்டங்களுக்கு நடுவே இறங்கி, தரையிலுள்ள துவாரம் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். இதற்கு உயரமான புகைபோக்கி வேண்டும், இடமும் கூட வேண்டும். சூடு பரவுவதில் இதுதான் மேல். வீட்டுக் கொல்லையில் வைக்கிற சின்னச் சூளைகள் பெரும்பாலும் முதல் வகை. அப்படியானால் டேம்பர் நன்றாக ஓட வேண்டும். வெளியேறும் ஓட்டையை மூடியும் திறந்தும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கீழ்த் தட்டுக்கும் பங்கு கிடைக்கும். மேஸ்திரியின் கூடுகளில் ஒன்றில் டேம்பர் பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. என் மருமகள் அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

மீட்டரில் தெரியும் டிகிரி ஒரே ஒரு இடத்தின் டிகிரி, சூடு அளக்கும் தெர்மோகப்பிள் நுனி இருக்கும் இடத்தினுடையது. அதனால்தான் பீங்கான்காரர்கள் இன்னும் கோனை விடவில்லை. சுண்டுவிரல் நீளத்துக்கு மண்கலவையில் செய்த கூம்பு. குறித்த அளவு வெப்பத்தை, குறித்த நேரம் தின்றால் தலை சாயும். ஜெர்மனியில் ஹெர்மன் செகர் 1886-இல் கொண்டுவந்தது. பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் ஆர்டன் செய்ய ஆரம்பித்தார். இங்கே எண்ணைச் சொன்னாலே போதும்: பூஜ்யம் ஆறு என்றால் ஏறக்குறைய 1000 டிகிரி, வெறும் ஆறு என்றால் 1220, பத்து என்றால் 1300-ஐ ஒட்டி. தட்டுக்குத் தட்டு மூன்று கோன் நட்டுவைத்துச் சுட்டால், சூளையின் யோக்கியதை பிரிக்கும்போது தெரிந்துவிடும். காலையில் பார்த்த சூளையில் மேல் தட்டின் ஆறாம் எண் கோன் தரையில் நெற்றி வைத்துக் கிடந்தது. கீழ்த் தட்டில் ஐந்தாம் எண்ணே லேசாகத்தான் குனிந்திருந்தது. அந்த ஒரு கோனுக்கு மேற்பட்ட இடைவெளியில்தான் அம்மாளின் குவளைகள் போயின.

அடுத்து சுவர். மேஸ்திரியிடம் இரண்டும் இருந்தன: உள்ளே ஃபயர் பிரிக்ஸ் கட்டியது, உள்ளே செராமிக் ஃபைபர் போர்த்தியது. செங்கல் சூளையைத் தட்டினால் உறுதியாக இருக்கிறது. வாங்குகிறவர் மனசு அதன் பக்கம் சாயும். எடைக் கணக்குப் போட்டால் கதை வேறு. ஒன்பது அங்குலக் கனமான ஃபயர் பிரிக்ஸ் சுவர் சதுர மீட்டருக்கு 450 கிலோவுக்கு மேல் வரும். ஆறு அங்குல ஃபைபர், கன மீட்டருக்கு 128 கிலோ ரகமானால், அதே சதுர மீட்டருக்கு 20 கிலோகூட வராது. குவளையைச் சுடும் முன்னால் அந்தச் சுவரையும் கேஸ்தான் சுட்டாக வேண்டும். தினமும் சூளை போடுகிற பட்டறைக்கு இது பெரிய நஷ்டமில்லை, நேற்றைய சூடு இன்றைக்கும் மிச்சம் இருக்கும். பத்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை சுடுகிற வீட்டுக்கு ஒவ்வொரு தடவையும் சுவர் ஆறிக் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் சேத்தியாத்தோப்பில் செங்கல் ஈரம் வேறு குடித்திருக்கும். அதை ஆவியாக்கவும் கேஸ் செலவாகும்.

ஃபைபரில் குறை இல்லாமல் இல்லை. சூட்டைப் பிடித்து வைக்காது, சரசரவென்று ஆறும். மெல்ல ஆறினால்தான் வரும் மங்கலான கிளேஸ்களுக்கு இது ஒத்துவராது. உரசினால் உதிரும், உதிர்ந்தது கிளேஸ் மேல் விழுந்தால் அந்தப் பாண்டம் போச்சு. பலமுறை சூடேறிய பழைய ஃபைபர் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. பிரித்துப் போடும்போது நல்ல முகமூடி கட்டாயம்; கைக்குட்டை போதாது. 1260 டிகிரி ரகம் என்று முத்திரை இருந்தால், 1220-இல் சுடுகிறவளுக்கு அது விளிம்பில் ஓடுகிற மாதிரிதான். தீ நேரே படும் முகத்துக்கு மட்டுமாவது 1425 ரகம் கேட்டாள். மேஸ்திரி விலையைச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதச் சொன்னாள்.

பர்னர்தான் நான் எதிர்பார்க்காத அளவு நேரம் எடுத்தது. ஊதுகுழல் மோட்டார் வைத்தது ஒன்று, தானே காற்றை இழுத்துக்கொள்ளும் வென்ச்சுரி ஒன்று. மோட்டார் பர்னரில் தீயை அடக்கி ஆள்வது எளிது. ஆனால் கரண்ட் போனால் சூளையும் நின்றுவிடும். கடலூர் மாவட்டக்காரர்களிடம் கரண்டை நம்பு என்று சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறிய பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வென்ச்சுரிக்குக் கரண்ட் வேண்டாம். அதன் குறை வேறு: அழுத்தத்தை ரொம்பக் குறைத்தால் தீ பின்வாங்கிக் குழாய்க்குள் எரியும். இது பச்சைப் பாண்டத்தை முதல் முறை சுடுகிறவர்களுக்குத் தலைவலி. ஈரம் போகும் வரை, நூறு டிகிரியைத் தாண்டும் வரை மிக மிக மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் பாண்டம் வெடிக்கும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சற்றே விரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் நிதானம் வேண்டும். "பெரிய தீ எல்லாருகிட்டயும் இருக்கு. சின்னத் தீ இருக்கா?" என்று கேட்டாள். தனியாக ஒரு குட்டிப் பர்னர் வைத்துத் தருவதாக மேஸ்திரி ஒப்புக்கொண்டார். தீ தற்செயலாக அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் வால்வும் பர்னருக்கு ஒன்று கேட்டாள். இதற்குத் தனி விலை என்றபோது, இது இல்லாமல் வாங்குவதில்லை என்றாள்.

இன்னொரு பட்டறையில் சூளை ஓடிக்கொண்டிருந்தது. கண்துளை வழியாக உள்ளே வெண்மஞ்சள். சூளையைவிட நான் அதிகம் பார்த்தது சுவருக்கு வெளியே நின்ற சிலிண்டரை. வெயில் கொளுத்தும் மத்தியானம். சிலிண்டரின் அடிப்பாதி முழுக்க வெள்ளையாக உறைபனி. விரல் வைத்தால் ஒட்டியது. திரவம் வாயுவாக மாறச் சூடு வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் சூட்டையே தின்று குளிர்ந்துபோய், அழுத்தம் விழுந்துவிடும். சூளை அதிகம் கேட்கிற கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் இது நடக்கும். அங்கே ஒரு பையன் சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துப் போர்த்திக்கொண்டிருந்தான். இதற்குச் சரியான வழி, மூன்று நாலு சிலிண்டரை ஒரே குழாயில் சேர்த்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் இதற்கு. சமையலறையின் 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எடுக்கக் கூடாது. அதன் ரெகுலேட்டர் தரும் மெல்லிய அழுத்தமும் சூளைக்குப் போதாது. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிப்பது 100 கிலோ வரை, அதாவது ஐந்து சிலிண்டர். வீட்டுக்கு நாலு போதும் என்று மேஸ்திரி சொன்னதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பேட்டையில் மின்சூளை வைத்திருந்த ஒருவர், "எதுக்கும்மா கேஸ், சுவிட்சைப் போட்டுட்டுத் தூங்கலாம்" என்றார். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ கேஸில் ஏறக்குறைய 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உண்டு; ஒரு 19 கிலோ சிலிண்டர் 240 யூனிட் சொச்சம். ஆனால் 1200 டிகிரியில் அதில் பாதிக்கு மேல் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. மின்சூளையில் புகைபோக்கியே இல்லை. மூன்று பேஸ் இணைப்பும் நிம்மதியான கரண்டும் இருந்தால், ஒரே மாதிரி வெள்ளைக் குவளைகள் மட்டும் போதுமென்றால், நான் மின்சூளை பக்கம்தான் பேசுவேன். அவளுக்கு வேண்டியது வேறு. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கத்தில் கற்பாண்டத்துக்கு ஒரு ரசனை வளர்ந்திருக்கிறது. காற்றைக் குறைத்துப் புகைத் தீயில் சுட்டால், செம்பு கலந்த கிளேஸ் பச்சையாகாமல் ரத்தச் சிவப்பாகும். இரும்பு கலந்தது பச்சை நீலமாகும். மின்சூளையில் அந்த வேலை செய்தால் கம்பிச்சுருள் சீக்கிரம் போகும். புதுச்சேரிக் கடைக்காரர்கள் கேட்பது அந்த நிறங்களைத்தான்.

புகைத் தீ என்றால் கார்பன் மோனாக்சைடு. அதனால் சூளை கொட்டகைக்குள் அல்ல, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரையடியில். கீற்றைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சேத்தியாத்தோப்பு வயல் மண், மழைக்குக் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்; இரண்டடி மேடை போட்டாக வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்திலோ சாக்கடையோரத்திலோ நிறுத்தக் கூடாது, எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் போய்க் குளமாகத் தேங்கும். பற்றவைக்கும்போது சூளைக் கதவு திறந்திருக்க வேண்டும். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரில்தான் சோதிக்க வேண்டும். பட்டறையில் நான் பார்த்த ஒருவர் தீக்குச்சியால் சோதித்தார். அவருக்குப் புருவம் இருந்தது ஆச்சரியம்தான்.

அளவில்தான் கொஞ்சம் வாக்குவாதம். இருபது கன அடி வாங்கினால் ஒரே சூட்டில் நிறையப் போடலாம், விலை வித்தியாசமும் பெரிதில்லை என்றார் மேஸ்திரி. அவள் பத்து கன அடியில் நின்றாள். அதுவே நூறு குவளை சொச்சம் பிடிக்கும். பெரிய சூளையை நிரப்ப ஒரு மாதம் காத்திருந்தால் புதுக் கிளேஸைச் சோதிப்பது எப்போது? அரைகுறையாக அடுக்கிச் சுட்டால் சூடு கண்டபடி ஓடும். கார்த்திகை அகலுக்கு ஆயிரக்கணக்கில் இடம் வேண்டுமே என்று நான் கேட்டேன். "அகலுக்கு எதுக்கு மாமா இந்தச் சூளை? அதை இங்கயே வாடகைக்குப் போட்டுக்கறேன். அகலுக்குக் காது கிடையாது, பஸ்ல உடையாது." வணிகச் சிலிண்டர் விலை ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி மாறுகிற காலத்தில், மலிவாகச் சுடக்கூடியதை மலிவாகவே சுடுவது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

கடைசியில் எழுதிக்கொண்டது: பத்து கன அடி, முன்கதவு, ஃபைபர், தீமுகத்தில் 1425 ரகம், வென்ச்சுரி இரண்டு, குட்டிப் பர்னர் ஒன்று, நின்றால் நிறுத்தும் வால்வு, கையால் தடையின்றி ஓடும் டேம்பர். மேஸ்திரி முன்பணம் பாதி கேட்டார். கால்வாசி இப்போது, கால்வாசி கூடு முடிந்ததும், மிச்சம் சேத்தியாத்தோப்பில் சோதனைச் சூட்டுக்குப் பிறகு என்றாள். அந்தச் சூட்டில் மேல், நடு, கீழ் மூன்று தட்டிலும் ஆறாம் எண் கோன் நடுவாள். மேலுக்கும் கீழுக்கும் அரைக் கோனுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பர்னரின் கோணத்தையும் துவாரத்தையும் அவர் செலவிலேயே திருத்தித் தர வேண்டும்.

"இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார் மேஸ்திரி.

"கேக்காதவங்க கீழ்த் தட்டைக் காலையில பாத்துட்டு வந்தேன் அண்ணே. அரைக் கோனுன்னு எழுதுங்க."

எழுதினார். எழுதிவிட்டு, கோன் வாங்கும் காசு யாருடையது என்று கேட்டார்.